பால் வெட்டியவரின் போர்க்கணக்கு

அமெரிக்காவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்பது செய்தி. கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை. மருமகன் இராணுவத்தில் இருந்தவர் அல்லவா? தனக்குரிய கல்விச் சலுகையை மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்றார். வாழ்த்தினேன். சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார்: "என் அப்பாவும் இவர்களுடைய சண்டைக்கு உழைத்தவர்தான். துவக்குப் பிடிக்கவில்லை, பால் வெட்டும் கத்தியைப் பிடித்தார். அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்?"

நண்பர் பிறந்தது இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், புளத்கொகுபிட்டியவை அடுத்த ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய குடும்பம் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து அடுத்த தலைமுறை அமெரிக்கா சென்றது. அவர் கேட்ட கேள்வி என்னைச் சில நாட்கள் விடவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அந்தக் கணக்கை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

படைவீரனுக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசே செலுத்தும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது அமெரிக்கா. 1944 ஜூன் 22ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அச்சட்டத்தை மக்கள் 'ஜி.ஐ. சட்டம்' என்று அழைத்தனர். ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம். தனியாளுக்கு மாதம் 50 டாலரும், குடும்பஸ்தருக்கு 75 டாலரும் வாழ்க்கைப் படி. அன்று பெரிய பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கும் அந்த 500 டாலர் போதுமானதாக இருந்தது. 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்திருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். 1956இல் திட்டம் முடிவதற்குள் சுமார் 78 இலட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ பெற்றுவிட்டனர். அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரி சென்றவர்கள். அதே 1956இல் போரில் இறந்தோரின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி வந்தது. நண்பரின் பேத்தி படிப்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். ஆறாண்டுகள் பணியாற்றி, மேலும் நான்காண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டவர், தம்முடைய 36 மாதச் சலுகையை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்க அது வழி செய்கிறது.

இந்தியாவிலும் இந்த மரபு உண்டு. முன்னாள் படைவீரர் நலனுக்கான வாரியத்தின் தொடக்கம் 1919. கொடிநாள் வசூல் 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் நாளும் நடைபெறுகிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி பயில, தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து பிரதமர் பெயரிலான உதவித்தொகை 2006 முதல் வழங்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: நாட்டுக்காக உழைத்தவனுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை அவன் பிள்ளையின் படிப்பாகவும் தீர்க்கலாம்.

இனிப் புளத்கொகுபிட்டியவுக்கு வருவோம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை இறப்பரில் மிகப் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மையான இறப்பர் நிலம் இலங்கை. அமெரிக்கா செயற்கை இறப்பர் ஆலைகளை விரைந்து கட்டியது உண்மை. ஆயினும் பாரவண்டிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய டயர்களுக்கு இயற்கை இறப்பர் கலந்தே ஆகவேண்டியிருந்தது. இலங்கையின் இறப்பர் முழுவதையும் பிரித்தானிய அரசு வாங்கிக்கொண்டது. கேகாலை மாவட்டத்திலும் களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் மரம் பிழைக்குமா என்று பாராமல் பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் முறை புகுந்தது. ஆங்கிலத்தில் அதற்குச் சூட்டிய பெயரே 'கொலை வெட்டு' என்று பொருள்படும்.

அந்த வெட்டை வெட்டிய கைகள் யாருடையவை? கணிசமான பங்கு தமிழ்த் தொழிலாளருடையது. இலங்கைக்குப் புதிதாகத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1939 ஆகஸ்டிலேயே தடை செய்திருந்தது. ஆகவே இருந்தவர்களே எல்லா வேலையையும் சுமந்தார்கள். விடியுமுன் பெரட்டு, பின் மரம் மரமாக ஏறி இறங்கிச் சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து வாளி வாளியாகத் தொழிற்சாலைக்குச் சுமக்கவேண்டும். அதில் விளைந்த இறப்பர், ஜி.ஐ. சட்டத்தால் பின்னர் கல்லூரி சென்ற படைவீரர்களை ஏற்றிச்சென்ற வண்டிகளில் உருண்டது.

தோட்டத்திலிருந்து போருக்குச் சென்றோர் யார் என்று கேட்டால், வெள்ளைத் துரைமார். 1900இல் அமைந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. முதலாம் உலகப் போரில் அது எகிப்துக்குச் சென்றது. அந்தப் போர் முடிந்தபின் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பாப்பி மலர் விற்று முன்னாள் படைவீரருக்கு நிதி திரட்டினர். இலங்கையில் திரட்டிய பணத்தின் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போகிறது, உள்ளூர்ப் படைவீரர் கைவிடப்படுகின்றனர் என்று முறைப்பாடு எழுந்தது. அதற்கு மாற்றாகப் பிறந்ததே பூவரசம்பூ விற்ற 'சூரியமல்' இயக்கம். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்தனர். 1934-35 மலேரியாக் கொள்ளை நோயில் கேகாலை மாவட்டம் துவண்டபோது இதே இளைஞர்கள் நிவாரணத்துக்கு வந்தனர். என்.எம். பெரேரா புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்து ருவான்வெல்லைப் பகுதியில் உழைத்தார். 1936இல் அத்தொகுதியே அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. படைவீரர் நிதி யாருக்குச் சேரவேண்டும் என்ற வழக்கு இப்பகுதிக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் போர் முடிந்தது. பால் வெட்டியவருக்குக் கிடைத்தது என்ன?

1945 அக்டோபர் முதலாம் நாள், சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆசியாவே வியந்த சாதனை அது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. பெரும்பாலானவற்றில் ஓர் ஆசிரியர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். பல்கலைக்கழகக் கதவு இலவசமாகத் திறந்திருந்தது. அதற்கேறும் படிகள் தோட்டத்தில் கட்டப்படவில்லை.

படிக்கு முன்னதாக வீடு வேண்டுமே! 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தியது. உருளவள்ளி என்று நம்மவர் நினைவில் நிற்கும் தோட்டம் அது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பது நோக்கம். கிராமத்தவரின் நிலப்பசியும் பொய்யல்ல. தோட்டங்கள் விரிந்தபோது நெருக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் அதற்குக் கொடுத்த விலை, அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளரை லயங்களிலிருந்து வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950இல் தொழிலாளர் பக்கம் தீர்ந்தது. தன் வீடென நம்பி அதில் தங்கியிருப்பது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்பதே அதன் சாரம். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், போருக்குப் பால் வெட்டிய மாவட்டத்தில் நடந்தது இது.

அதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. 1949இன் சட்டம் பதிவுமூலம் பிரஜாவுரிமை தர முன்வந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முந்தைய ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் தொடர்ந்து வசித்ததைக் காட்டவேண்டும். போர்க்காலம் முழுவதும் அதே மரங்களை வெட்டியவர், தாம் அங்கே இருந்ததற்குத் தாளில் சாட்சி தேடி அலைந்தார். 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. நண்பரின் அப்பா முதல் எண்ணில் ஒருவர்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். ஜி.ஐ. சட்டம் அமெரிக்காவின் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உதவவில்லை, அது படைவீரருக்கானது. கறுப்பினப் படைவீரர் பலருக்கு, தென் மாநிலங்களில் குறிப்பாக, அது காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஆனால் அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசுப் பாடசாலை இருந்தது. அவன் எந்த நாட்டவன் என்று போருக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தோட்டப் பிள்ளையின் மேற்படிப்புக்கு முதலில் கைகொடுத்த ஏற்பாடுகளில் முக்கியமானது, 1947இல் இந்திய அரசின் பிரதிநிதி எம்.எஸ். ஆனே காலத்தில் உருவான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். உயர்தரம் பயிலும் மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் அது உதவித்தொகை வழங்கிவந்திருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியில்தான். 1981இல் மகாபொல நிதியம் வந்தது. நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு கட்டிய சட்டம் 2003இல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பாருங்கள்: பாடசாலைக்கு முப்பதாண்டுகளுக்கு மேல், பிரஜாவுரிமைக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஜி.ஐ. சட்டம் போர் முடியும் முன்பே தயாராக இருந்தது.

இன்று புளத்கொகுபிட்டியப் பிள்ளை பல்கலைக்கழகம் போனால் கல்விக் கட்டணம் இல்லை. அறை வாடகை, சாப்பாடு, புத்தகம், பஸ் செலவு ஆகியவைதாம் குடும்பத்தை அழுத்துகின்றன. அதற்கும் முன்னால் லயம் இருக்கிறது. 2016 மே மாதத்தில் இப்பகுதியின் களுபஹன தோட்டத்தில் மண்சரிந்து லயக் குடியிருப்பைப் புதைத்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

இதையெல்லாம் நண்பருக்குச் சொன்னேன். "கணக்கு இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் அரசுதான் இல்லை" என்றேன். பிரித்தானியா இறப்பரை வாங்கியது, இலங்கை ஏற்றுமதி வருமானம் பெற்றது, இந்தியா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மூன்றும் சேர்ந்து, பால் வெட்டியவரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி நிதி ஒன்றை நிறுவினால் அது தர்மமாகாது, கடன் தீர்த்தலாகும். இதை நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டும்.

நண்பர் அதுவரை காத்திருக்க விரும்பவில்லை. "என் பேத்திக்குக் கட்டவேண்டிய பணம் மிச்சமாகியிருக்கிறதே. அப்பா வேலை செய்த பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையின் நான்காண்டு அறை வாடகையை நான் கட்டுகிறேன். விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.