முலாமும் எரிபொருளும்: கார் எஞ்சின் பூச்சுகளின் வரலாற்றை வாசிப்பதில் ஒரு கருத்து வேறுபாடு

கார் எஞ்சினின் உள்ளுறுப்புகளில் உராய்வைக் குறைக்கும் பூச்சுகள் ஏன் இடம்பிடித்தன என்று கேட்டால், எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் என்ற விடையே இன்று வழக்கமாகிவிட்டது. அந்த விடைக்கு எண்களின் பலம் தந்தது, 2012இல் ‘டிரைபாலஜி இன்டர்நேஷனல்’ இதழில் கென்னத் ஹோம்பெர்க், பீட்டர் ஆண்டர்சன், அலி எர்டெமிர் ஆகியோர் எழுதிய கட்டுரை. காரில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது. 2009இல் மட்டும் உலகக் கார்கள் இதற்காக 20,800 கோடி லிட்டர் எரித்தன. புதிய தொழில்நுட்பங்கள் இந்த இழப்பை 5 முதல் 10 ஆண்டுகளில் 18 விழுக்காடும், 15 முதல் 25 ஆண்டுகளில் 61 விழுக்காடும் குறைக்க முடியும். இது அவர்கள் கணக்கு. அந்தத் தொழில்நுட்பங்களின் வரிசையில் முதலில் நிற்பவை மேற்பரப்புப் பூச்சுகள்.

மொத்தத் தொகையில் எனக்கு வழக்கில்லை. சிதறிக் கிடந்த தரவுகளை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த உழைப்பு பெரிது. பூச்சுக்கு அவர்கள் அளிக்கும் இடத்தில்தான் மாறுபடுகிறேன். பூச்சு ஒரு வழி, மெல்லிய எண்ணெய் இன்னொரு வழி என்று அவர்கள் தனித்தனியாக நிறுத்துகிறார்கள். எஞ்சினின் வரலாற்றில் அவை அப்படிப் பிரிந்து நிற்கவில்லை.

முதலில் அவர்களுடைய பகுப்பையே எடுத்துக்கொள்வோம். உராய்வுக்குப் போகும் 33 விழுக்காட்டில் டயருக்கு 11.5, எஞ்சினுக்கு 11.5, கியர் அமைப்புக்கு 5, பிரேக்குக்கு 5. எஞ்சினின் பங்கில் பிஸ்டன் தொகுதிக்கு 45 விழுக்காடு, பேரிங்குகளுக்கு 30, வால்வு இயக்கத்துக்கு 15, பம்புகளுக்கு 10. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேரிங்கில் உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் முழுமையாக நிற்கிறது. அங்கே உராய்வு என்பது எண்ணெயின் பாகுத்தன்மைதான். 1902இல் ஸ்ட்ரைபெக் காட்டிய இந்த உண்மையைப் பூச்சு மாற்றிவிடாது. பிஸ்டனின் ஓட்டத்திலும் பெரும்பகுதி இப்படித்தான்; வேகம் அற்றுப்போகும் இரு முனைகளை ஒட்டித்தான் ரிங் சுவரை உரசுகிறது. பூச்சுக்கு நிறைந்த வாய்ப்புள்ள இடம், கேமும் டாப்பெட்டும் சந்திக்கும் வால்வு இயக்கம். அது மொத்த எரிபொருளில் 1.7 விழுக்காடு. அதைப் பாதியாக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 0.9.

உராய்வு குறைந்தால் புகையோடும் குளிர்நீரோடும் வெளியேறும் வெப்பமும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே பலன் மும்மடங்கு என்று மூவரும் வாதிடுகிறார்கள். ஏற்றால் 0.9 என்பது இரண்டரையை ஒட்டி வரும். அற்பமல்ல. ஆனால் பெட்ரோல் எஞ்சினில் சுமை குறையும்போது த்ராட்டில் மேலும் மூடிக்கொள்கிறது. காற்றை இழுக்கும் உழைப்பு கூடுகிறது. ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கே கரைகிறது. அந்தப் பெருக்கலை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

எரிபொருள் பலன் இவ்வளவுதான் என்றால், தயாரிப்பாளர்கள் விலை கொடுத்துப் பூச்சைத் தேடிப் போனது ஏன்? 1970 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த செவர்லே வேகாவின் பிஸ்டன் இதற்கு விடை வைத்திருக்கிறது. ஒரு கல்வெட்டை வரிவரியாகப் படிப்பதுபோல் அதை அடுக்கடுக்காகப் படிக்க வேண்டும். வேகாவின் 2.3 லிட்டர் எஞ்சின் பிளாக், சுமார் 17 விழுக்காடு சிலிக்கான் கலந்த ரெனால்ட்ஸ் 390 அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டது. இரும்பு லைனர் கிடையாது. சிலிண்டர் துளையின் (போர்) உட்சுவரை அரித்து, அலுமினியத்தைச் சற்றே பின்வாங்கச் செய்து, கடினமான சிலிக்கான் துகள்களை வெளியே நிறுத்தினார்கள். பிஸ்டனும் அலுமினியம். அலுமினியம் அலுமினியத்தின் மீது ஓடினால் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். எனவே பிஸ்டன் பாவாடையின் மீது நான்கு உலோகங்களை மின்முலாமாக ஏற்றினார்கள்: முதலில் துத்தநாகம், மேலே செம்பு, அதன் மேல் கடின இரும்பு, கடைசியில் வெள்ளீயம்.

துத்தநாகமும் செம்பும் மேலே வரும் இரும்பு ஒட்டி நிற்பதற்காக. இரும்பு, போரின் சிலிக்கானோடு பகையின்றி ஓடுவதற்காக. வெள்ளீயம், பொருத்துவதற்கு முன் இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. இவற்றில் எந்த அடுக்கும் உராய்வெண்ணைக் குறைப்பதற்காக வைக்கப்படவில்லை. இரும்பு அதற்கு ஏற்ற பொருளே அல்ல. லைனர் இல்லாத, எடை குறைந்த அலுமினியப் பிளாக் சாத்தியமானது இந்த முலாம் இருந்ததால்தான். எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மிச்சம் பிளாக்கின் கணக்கில் சேரும். முலாம் அதற்கு அனுமதிச்சீட்டு. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு மூன்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு பிஸ்டனை வைத்து ஒரு தலைமுறையை அளப்பதா? நிக்கசிலைப் பார்ப்போம். நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதித்த இந்தப் பூச்சை, வாங்கல் சுழல் எஞ்சினின் அறைச்சுவர் தேய்மானத்தைத் தாங்குவதற்காக 1967இல் மாலே நிறுவனம் உருவாக்கியது. பிறகு அது பிஸ்டன் எஞ்சின்களுக்குப் பரவி, 1990களில் பிஎம்டபிள்யூ, ஜாகுவார் கார்களின் அலுமினிய சிலிண்டர்களுக்கு வந்தது. கந்தகம் மிகுந்த பெட்ரோல் கிடைத்த நாடுகளில் சுவர் அரித்தது, எஞ்சின் அழுத்தம் இழந்தது. பூச்சு கைவிடப்பட்டு, எஃகு லைனரும் சிலிக்கான் மிகுந்த அலுமினியமும் அந்த இடத்துக்கு வந்தன. அதன் உராய்வுக் குணத்தைப் பற்றி அப்போது யாரும் குறை சொல்லவில்லை. தாக்குப்பிடிக்காததால் போனது.

‘வைரம் போன்ற கார்பன்’ பூச்சான டிஎல்சியும் இதே வாசலில்தான் காருக்குள் நுழைந்தது. அதன் பிறந்த ஆண்டு இன்னும் தீர்வாகாத வழக்கு. ஹைன்ஸ் ஷ்மெல்லன்மையர் 1953இல் அசிட்டிலீன் மின்னிறக்கத்தில் கண்ட கடினக் கார்பன் படலத்தைத் தொடக்கமாகக் கொள்வோர் உண்டு. ஐசன்பெர்க்கும் சாபோவும் 1971இல் அயனிக் கற்றையால் படியவைத்ததைக் கொள்வோரும் உண்டு. வேதிப்பொருளை வைத்து எண்ணினால் முன்னது, செய்முறையை வைத்து எண்ணினால் பின்னது. எஞ்சின் வரலாற்றுக்கு இரண்டுமே தொலைவில் உள்ளவை. பெரிய அளவில் டிஎல்சி காருக்கு வந்தது 1990களில், டீசல் பீய்ச்சு அமைப்பின் உறுப்புகளில். 1997இல் காமன் ரெயில் என்ற டீசல் பீய்ச்சு முறை கார்களில் புகுந்தபோது அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டிவிட்டது. அங்கே மசகு எண்ணெய் கிடையாது, டீசலே மசகு. அந்த டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் பதப்படுத்தலோ அதன் மசகுத்தன்மையையும் எடுத்துவிடுகிறது. பெட்ரோலில் மிகுந்த கந்தகம் நிக்கசிலை வீழ்த்தியது. டீசலில் குறைந்த கந்தகம் டிஎல்சிக்கு வேலை தந்தது. இரண்டிலும் உறுப்பின் ஆயுள்தான் பணயம்.

பாட்டிலில் விற்கப்பட்ட ‘பூச்சு’களை இந்த வரலாற்றோடு சேர்க்கக் கூடாது. எண்ணெயில் டெஃப்லான் துகளைக் கலந்த ஸ்லிக் 50இன் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996இல் குற்றம்சாட்டியது. 1997இல் உடன்பாடு ஏற்பட்டது. டெஃப்லான் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். அதை உலோகத்தில் படியவைக்க, சுத்தம் செய்த மேற்பரப்பும் அதைவிட அதிகமான சூடும் வேண்டும். ஓடும் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி அந்தச் சூட்டை எட்டுவதில்லை.

என் வாதத்துக்குக் கடினமான சான்று நிசான். 2006இல் அது ஹைட்ரஜன் இல்லாத டிஎல்சியை வால்வு டாப்பெட்டுகளில் பூசியது. நோக்கம் வெளிப்படையாகவே எரிபொருள். மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடிப்படையான, மகோத்தோ கானோவும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: அந்த வியப்பான குறை உராய்வு, எண்ணெயில் கிளிசரால் மோனோ-ஒலியேட் சேர்ந்தபோதுதான் வந்தது. மறுபுறம், மாலிப்டினம் டைதயோகார்பமேட் கலந்த எண்ணெயில் ஹைட்ரஜன் உள்ள டிஎல்சி வேகமாகத் தேய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூச்சுக்கென்று தனியாக ஓர் உராய்வெண் இல்லை. பூச்சும் எண்ணெயும் சேர்ந்த இணைக்கே அது உண்டு. 2012 கணக்கின் அடித்தளத்தில் நான் காணும் விரிசல் இது.

ஹோம்பெர்க்கும் எர்டெமிரும் 2017இல் எழுதிய அடுத்த கட்டுரை தேய்மானத்தையும் கணக்கில் சேர்த்தது: உலக ஆற்றலில் சுமார் 20 விழுக்காடு உராய்வை வெல்லவும், 3 விழுக்காடு தேய்ந்த உறுப்புகளை மீண்டும் செய்யவும் போகிறது என்று. வரவேற்கத்தக்க திருத்தம். ஆனாலும் தேய்மானம் அங்கே தனிப் பத்தியாகவே நிற்கிறது. 0W-20, 0W-16 போன்ற மெல்லிய எண்ணெய்கள் படலத்தை மெலியச் செய்து, முன்பு தொடாத பரப்புகளைத் தொட வைக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவது அந்த எண்ணெய். அது உள்ளே வந்தும் கேம் பிழைத்திருப்பது பூச்சால். இந்த மிச்சத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

எரிபொருள் எந்த ஆண்டில் பூச்சின் முதற்காரணமாயிற்று என்பதை 1997க்கும் 2006க்கும் இடையில் வைக்கலாம். அதற்கு மேல் நெருக்க இப்போதுள்ள சான்றுகள் இடம் தரவில்லை. 2006ஐயே கொண்டாலும், அந்த டாப்பெட் உள்ள விக்யூ எஞ்சின்களுக்கு நிசான் பரிந்துரைத்தது சாதாரண எண்ணெயை அல்ல, எஸ்டர் அடிப்படையிலான தன் சொந்த எண்ணெயை.