பிரிவினைக் கோட்டிற்கு அப்பால் எழுந்த பள்ளி

ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைக் கூறுபோட்ட கொடுமை நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவில் வெள்ளையர் மிகுந்த தெருப்பகுதியில் கறுப்பினத்தார் குடியேறலாகாது என்று பால்டிமோர் நகராட்சி 1910-இல் சட்டமே இயற்றிற்று. லூயிவில் நகரின் இத்தகைய சட்டத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1917-இல் செல்லாதென்று தள்ளியது. பள்ளிகளிலோ, தலைநகர் வாஷிங்டன் உட்படப் பல இடங்களில், சட்டத்தின் துணையோடு பிரிவினை 1954 வரை நீடித்தது.

அவ்வாஷிங்டனில் கறுப்பின மாணாக்கருக்கென 1870-இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கிய உயர்நிலைப்பள்ளிக்கு 1916-இல் பெருங்கட்டடம் எழுந்தது. கவிஞர் டன்பாரின் பெயரும் சூட்டப்பெற்றது. பிற பணிகளின் கதவு அடைக்கப்பட்ட கறுப்பினப் பேரறிஞர்கள் அப்பள்ளியில் ஆசிரியராயினர். (பட்டம் பெற்றும் வாயிலில் நிறுத்தப்பட்டோரின் நிலையை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.) வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் அவர்களுள் ஒருவர். அங்குப் பயின்ற சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வழக்கறிஞராகி, பள்ளிப் பிரிவினையை நீதிமன்றத்தில் தகர்க்கும் வழியை வகுத்தார். 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காணாமலே 1950-இல் மறைந்தார்.

1970-களில், பழைய மாணாக்கரின் எதிர்ப்பையும் மீறி அக்கட்டடம் இடிக்கப்பட்டது. மாற்றாக வந்த மாடிக்கட்டடத்தில் வகுப்புகளுக்கிடையே முழுச்சுவர் இல்லை. அந்த இரைச்சலில் பாடம் நடத்துவது எங்ஙனம்? ஆசிரியரைக் கேளாது வரைந்த திட்டம் என்றே நாம் எண்ணுகிறோம். அதற்கும் மாற்றாக, 2013-இல் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. அதன் தரையில் புகழ்பெற்ற பழைய மாணாக்கரின் பெயர்த்தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இனி வருவோருக்கென எழுதப்படாத தகடுகளும் அவற்றிடையே உண்டு.