பொம்மை வீரனின் விழுப்புண்

கவிதைக்காகக் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் பொம்மைப் படைவீரர்களுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், நுணுக்கமாகச் சொல்லப்பட்டது யாவும் உண்மையாகச் சொல்லப்பட்டது ஆகுமா என்ற ஐயம் கவிஞனை விட்டு என்றும் அகலுவதில்லை. அந்த ஐயத்துக்குப் பொம்மைகளின் வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

2005ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் இணையத்தில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. கைகள் பின்புறம் கட்டப்பட்ட நிலையில் அமெரிக்கப் படைவீரன் ஒருவன்; அவன் தலைக்கு நேரே ஒரு துப்பாக்கி. ஈராக்கில் பிடிபட்ட அவன் பெயர் ஜான் ஆடம் என்றும், சிறையிலுள்ள தம்மவரை 72 மணி நேரத்துக்குள் விடுவிக்காவிட்டால் அவன் தலை துண்டிக்கப்படும் என்றும் படத்தை வெளியிட்டோர் அறிவித்தனர். செய்தி உலகெங்கும் பரவியது. தன் வீரர்களில் எவரும் காணாமற்போகவில்லை என்றது அமெரிக்கப் படை. பின்னரே உண்மை வெளிப்பட்டது. படத்தில் இருந்தவன் மனிதனல்லன். குவைத் படைத்தளக் கடைகளில் விற்கப்பட்ட, ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள பொம்மை. அவனைக் குறிவைத்த துப்பாக்கியும் அதே பெட்டியில் உடன்வரும் துப்பாக்கியைப் போன்றதே. பலரும் சிரித்துவிட்டு மறந்தனர். மகனைப் போர்முனைக்கு அனுப்பிய ஒரு தாய் அந்தச் சில மணி நேரத்தை எவ்வாறு கழித்திருப்பாள் என்று எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஒரு பொம்மை இந்த அளவுக்கு மனிதனை ஒத்தது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹில்பர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் வார்த்த வீரர்கள் தகடுபோல் தட்டையானவர்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் வெற்றிகள் அவர்களுக்குச் சந்தையைத் தந்தன. பக்கவாட்டில் பார்த்தால் வீரன். நேரே பார்த்தால் ஒரு கோடு. மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிக்கொண்டது.

1893ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தனர். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியதும் உள்ளே எஞ்சிய குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். ஈயம் மிச்சமாயிற்று; விலை குறைந்தது; 54 மில்லிமீட்டர் உயர வீரர்கள் சாதாரண வீடுகளுக்குள்ளும் அணிவகுத்து நுழைந்தனர்.

அதற்கு முன்பே செல்வர் வீடுகளில் பெரும்படைகள் இருந்தன. சிறுவன் வின்ஸ்டன் சர்ச்சிலிடம் ஏறத்தாழ 1,500 வீரர்கள் இருந்தனர். அவற்றைப் பார்வையிட்ட தந்தை, படையில் சேர விருப்பமா என்று கேட்டார். மகன் உடனே ஆம் என்றான். தன்னிடம் தளபதிக்குரிய திறனைத் தந்தை கண்டார் என்று மகன் நெடுநாள் மகிழ்ந்திருந்தான். வழக்கறிஞர் தொழிலுக்கு வேண்டிய அறிவு இவனுக்குப் போதாது என்பதே தந்தையின் முடிவாக இருந்ததெனப் பின்னர் தெரிந்துகொண்டதாக, 1930இல் வெளிவந்த தம் இளமை வரலாற்றில் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

1913இல் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். உண்மைப் போரின் பேரழிவைவிடத் தரையில் நடக்கும் இச்சிறு போரே மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

1930களின் ஜெர்மனியில் மரத்தூளையும் பசையையும் வெண்களிமண்ணையும் பிசைந்து செய்த ‘எலாஸ்டோலின்’ பொம்மைகளுள் கையை உயர்த்தும் ஹிட்லரும் இருந்தான். இங்கே பொம்மை விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. குழந்தையின் கைவழியே ஒரு கொடுங்கோன்மை வீட்டுக்குள் வந்தது.

1964இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ பொம்மையை வெளியிட்டது. ஏறத்தாழ 12 அங்குல உயரம். அசையும் பகுதிகள் 21. உடுத்திக் கழற்றத் துணிச் சீருடை. பெண் குழந்தைகளின் பொம்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இட்டால் சிறுவர்கள் தொடமாட்டார்கள் என்று அஞ்சி, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்னும் புதுப்பெயர் சூட்டினர். பொம்மை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைக்கும் நமக்கு இந்தச் சங்கடம் இல்லை.

அவன் கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியது நம் இலக்கியம். ஜோவின் தழும்போ எந்தப் போரிலும் பெற்றதன்று. மனித உருவத்துக்குப் பொதுவாக உரிமை கோர இயலாது. ஆகவே பிற நிறுவனங்கள் போலி செய்தால் கண்டுபிடிப்பதற்காக இட்ட வணிக அடையாளம் அது. விழுப்புண்ணும் விற்பனைக்கு வந்தது!

உண்மைப் போர் அவனையும் விடவில்லை. வியட்நாம் போரின் மீது மக்களின் வெறுப்பு வளர வளர, படைப் பொம்மைகளை வாங்கப் பெற்றோர் தயங்கினர். 1970இல் நிறுவனம் அவனைப் படையிலிருந்து விடுவித்து, புதையல் தேடும் சாகசக்காரனாக மாற்றியது. வீரன் வீட்டுக்குத் திரும்பினான். பொம்மை வீரன் மட்டும்.

அவனோடு விளையாடிய சிறுவர்கள் வளர்ந்தார்கள்; கையில் பணமும் சேர்ந்தது. 1999இல் ஹாங்காங்கின் டிராகன் நிறுவனம், மனித அளவில் ஆறில் ஒரு பங்கான வீரர்களைச் சேகரிப்போருக்கென்றே செய்யத் தொடங்கியது. அவற்றின் நுணுக்கம் வியப்புக்குரியது. ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் நீளமுள்ள அமெரிக்க எம்1 காரண்ட் துப்பாக்கி இங்கே 18 சென்டிமீட்டர். தோள்வாருக்கு உண்மையான கொக்கி. தோட்டாப் பைக்குத் திறந்து மூடும் மடிப்பு. சேகரிப்போர் நூல்களையும் பழைய நிழற்படங்களையும் ஒப்பிட்டு, எந்த ஆண்டில் எந்தப் படைப்பிரிவு எந்தக் காலணி அணிந்தது என்று தேடுகின்றனர். சீருடை புதிதாய் இருந்தால் பொய்யாகும் என்று அதில் சேறு பூசுவோரும் உண்டு. இந்த உழைப்பை நான் இகழமாட்டேன். யாப்பில் ஓர் அசை பிசகினாலும் உறங்காதவர்கள் நாம். அவர்களுடைய தவிப்பு நமக்கு விளங்கும்.

ஆயினும், பொத்தான் முதல் கொக்கி வரை யாவும் சரியாக அமைந்த அந்த வீரனிடம் இல்லாதது எது? ஜெர்மானியச் சீருடையைத் துல்லியமாக அணிந்தவன், அச்சீருடை செய்த கொலைகளைச் சொல்வதில்லை. குறிபார்க்கும் துப்பாக்கி உண்டு, குறிவைக்கப்பட்டவன் இல்லை. காலணியில் சேறு உண்டு. அந்தச் சேற்றில் விழுந்தவனின் பெயர் இல்லை. நம் முன்னோர் நட்ட நடுகல்லில் சிற்பநுணுக்கம் குறைவாயிருக்கலாம். ஆனால் அது இன்ன ஊரில் இன்னான் வீழ்ந்தான் என்று சொல்லும்.

1838இல் ஆண்டர்சன் எழுதிய கதையில், ஒரு பழைய வெள்ளீயக் கரண்டியை உருக்கி 25 வீரர்களை வார்க்கிறார்கள். கடைசி ஒருவனுக்கு உலோகம் போதவில்லை. ஒற்றைக் காலோடு பிறக்கிறான். குறையற்ற 24 பேரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. குறையோடு நின்றவனை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உலகக் குழந்தைகள் மறக்கவில்லை. டிராகனின் வீரனிடம் எல்லாம் இருந்தன. அவனுக்காக உலகம் கவலைப்பட்டது சில மணி நேரமே, அதுவும் அவனை மனிதன் என்று எண்ணிய வரையில். எழுதுகோலைக் கையிலெடுக்கும் நாம், இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது நன்று.