போர் ஆண்டுகளின் முந்திரிகை ரசம்

லெபனான் என்றதும் என் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு முதலில் நினைவில் எழுவது போர்தான். எழுபதுகளில் ஈழத்து இளைஞர் சிலர் பலஸ்தீன இயக்கங்களிடம் ஆயுதப் பயிற்சி பெறச் சென்ற நாடு அது. எண்பதுகளிலோ பெய்ரூத் என்ற பெயர் இல்லாமல் எங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் நிறைவு பெறாது. 1975 முதல் 1990 வரை நீடித்த அந்த உள்நாட்டுப் போரைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அதே பதினைந்து ஆண்டுகளை மற்றொரு விதமாகப் பதிவு செய்து வைத்திருக்கும் குடும்பம் ஒன்றும் அங்கே உண்டு. ஹோஷார் குடும்பம் என்பர். அவர்களுடைய பதிவேடு சிவப்பு வைன்.

பெய்ரூத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் அமைந்தது கஸீர் என்னும் ஊர். கஸ்தோன் ஹோஷார் என்ற இளைஞர் பிரான்சின் போர்தோ பகுதிக்குச் சென்று திரும்பி, 1930இல் அவ்வூரின் பழைய கோட்டை ஒன்றின் நிலவறையில் வைன் வடிக்கத் தொடங்கினார். அதுவே ‘ஷத்தோ முஸார்’. லெபனான் அன்று பிரெஞ்சு ஆணையாட்சியின் கீழ் இருந்தமையால் பிரெஞ்சு இராணுவத்தினர் நல்ல வாடிக்கையாளராக வாய்த்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லெபனானில் பணியாற்றிய ரொனால்ட் பார்ட்டன் என்ற இராணுவ அதிகாரி குடும்ப நண்பரானார். அவரும் போர்தோவில் புகழ்பெற்ற முந்திரிகைத் தோட்டமொன்றின் உரிமையாளரே. (திராட்சையை நாங்கள் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். தமிழக வாசகர்கள் முந்திரிப் பருப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம்!)

மது விலக்கப்பட்ட மதத்தவர் பெரும்பான்மையாக வாழும் பிராந்தியத்தில் வைனா என வியப்போர் உண்டு. வியக்க ஒன்றுமில்லை. பெக்கா பள்ளத்தாக்கின் பால்பெக்கில் உரோமர் எழுப்பிய பாக்கஸ் கோயில் இன்றும் நிற்கிறது. பாக்கஸ் மதுவின் தெய்வம். சிடோன் நகருக்குத் தெற்கே தெல் எல்-புராக்கில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பினீசியரின் முந்திரிகை பிழியும் தொட்டி கண்டறியப்பட்ட செய்தி 2020இல் வெளியாயிற்று. இயேசு சபைத் துறவிகள் 1857இல் கிஸாராவில் வைன் உற்பத்தியைத் தொடங்கினர். ஆக, கஸ்தோன் புதிதாக எதையும் கொண்டுவந்தார் என்று சொல்வதற்கில்லை.

முக்கியமான விடயம் வேறு. நிலவறை கஸீரில் இருக்க, தோட்டங்களோ பெக்கா பள்ளத்தாக்கில் இருந்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில், கெஃப்ராயா, ஆனா ஆகிய ஊர்களை அண்டிய சரளை, சுண்ணாம்பு நிலங்கள் அவை. இடையிலே லெபனான் மலைத்தொடர். பழத்தை ஏற்றிய லொறி டமஸ்கஸ் வீதியில் ஏறி, சுமார் 1500 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்து, மறுபுறம் கடற்கரைக்கு இறங்கி, வடக்கே திரும்ப வேண்டும். சமாதான காலத்தில் அது சில மணி நேரப் பயணம். போர் வந்தபோது அந்த வீதியே போர்க்களமாயிற்று.

கஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ் 1959இல் வைன் வடிக்கும் பொறுப்பை ஏற்றார். போர்தோவில் எமில் பெய்னோ போன்ற பேராசிரியர்களிடம் கற்றவர். தம்பி ரொனால்ட் வணிகத்தைக் கவனித்தார். கபர்னே சொவிஞ்ஞோன், சன்சோ, கரிஞ்ஞான் என்னும் மூவகை முந்திரிகைகளையும் தனித்தனியே சீமெந்துத் தொட்டிகளில் நொதிக்க வைத்து, ஓராண்டு ஓக் மரப் பீப்பாய்களில் இருத்தி, பின்னர் கலந்து போத்தலில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டிலேயே விற்பனைக்கு விடுவது இவர்களின் வழக்கம். வடிகட்டித் தெளிவிப்பதில்லை. நொதிப்பதற்குப் பழத்தோடு இயல்பாக வரும் நொதியமே போதும் என்பது செர்ஜின் கொள்கை. ஆகையால் ஓர் ஆண்டின் வைன் மற்றோர் ஆண்டினதைப் போல் இராது. புளிப்பு வாடை மிகுந்த குறைபாடுள்ள வைன் என்று முகம் சுளிக்கும் நிபுணர்களும் உளர். அக்குறை சொல்பவர்கள் முற்றிலும் தவறு என நான் கூறமாட்டேன். ஆனால் ஆண்டுக்காண்டு ஒரே சுவை தரும் பானம் வேண்டுமெனில் அதற்குச் சோடா இருக்கிறதே!

போர் தொடங்கியதும் உள்ளூர்ச் சந்தை சரிந்தது. 1976இல் வைன் வடிக்க இயலவில்லை. வாங்குவோரைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. 1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வைன் கண்காட்சியில் மைக்கல் பிராட்பென்ட் என்ற புகழ்பெற்ற விமர்சகர், முஸாரின் 1967ஆம் ஆண்டு வைனை அக்கண்காட்சியின் கண்டுபிடிப்பு எனப் பாராட்டினார். அன்றிலிருந்து லண்டனே அவர்களைத் தாங்கிய சந்தை.

1982 ஜூனில் இஸ்ரேல் படையெடுத்தது. பெக்காவின் தெற்கில் இஸ்ரேலியர், அதற்கு வடக்கே சிரியர். தோட்டங்கள் இரு படைகளின் முன்னரங்குகளுக்கு அண்மையில் அகப்பட்டன. 1983 செப்டெம்பரில், சரியாக அறுவடைக் காலத்தில், ஷூஃப் மலைப் பகுதியில் கிறிஸ்தவப் படையினருக்கும் துரூஸ் படையினருக்குமிடையே பெரும் சமர் மூண்டது. பழம் பறிப்போர் பெரும்பாலும் பெதுயின் நாடோடிகள். அவர்கள் பறித்ததை மலை தாண்டிக் கொண்டு சேர்ப்பது யார்? லொறிச் சாரதிகளே. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வெவ்வேறு கொடி, வெவ்வேறு கேள்வி. வைன் விமர்சகர்கள் ஹோஷார் குடும்பத்தின் துணிவைப் போற்றி எழுதியவை ஏராளம். அந்தச் சாரதிகளின் பெயர்களை எந்தப் போத்தலிலும் நான் கண்டதில்லை.

1984இல் நிலைமை மேலும் முற்றியது. வீதிகள் மூடப்பட்டன. சில மணி நேரப் பயணம் நாட்கணக்கில் நீண்டு, பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. செர்ஜ் அதையும் கொட்டிவிடவில்லை. வடித்துப் போத்தலில் அடைத்தார்; ஆயினும் மற்ற ஆண்டுகளினதைப் போல் அதைச் சந்தைக்கு அனுப்பவில்லை. ‘டிகன்டர்’ என்ற பிரித்தானிய வைன் சஞ்சிகை, ஆண்டின் சிறந்த மனிதர் என்னும் விருதை முதன்முதலாக வழங்கியதும் அதே 1984இல்தான். பெற்றவர் செர்ஜ் ஹோஷார்.

எறிகணை வீச்சின்போது கஸீர் நிலவறை அயலவருக்குப் பதுங்கிடமாகவும் பயன்பட்டது. பெய்ரூத்தில் தம் குடியிருப்பைச் சுற்றிக் குண்டுகள் விழுந்த ஓர் இரவில் தாம் வெளியேற மறுத்து, 1972ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்றை முழுவதுமாகப் பெரிய கிண்ணத்தில் ஊற்றி, மணிக்கணக்காக மிடறு மிடறாக அருந்திக் கழித்ததாக செர்ஜ் பிற்காலத்தில் சொல்வதுண்டு. இத்தகைய கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும் என்பதைச் செய்தித்தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. எனினும் குண்டு விழும் இரவில் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு விடியும்வரை இருந்தவர்கள் இதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

1990இல் போர் ஓய்ந்தது. சிரியப் படை 2005 ஏப்ரலில் வெளியேறியது. 2006 ஜூலை, ஓகஸ்டில் மீண்டும் இஸ்ரேலியத் தாக்குதல். அவ்வாண்டும் அறுவடை நடந்தது. செர்ஜ் 2014 டிசெம்பர் 31இல் மெக்சிக்கோவின் அகபுல்கோவில் கடலில் நீராடுகையில் மரணமானார். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய மகன் கஸ்தோனும் குடும்பத்தின் ஏனைய இளையோரும் பொறுப்பைத் தொடர்ந்தனர்.

செர்ஜ் இறந்தபோது அவர் கண்ட கடைசி அறுவடை நிலவறையில் இருந்தது. ஏழாண்டு வழக்கின்படி அது வெளிவர வேண்டிய ஆண்டு 2021. அதற்குள் 2019இல் லெபனானின் வங்கிகள் கதவடைத்துவிட்டன. 2020 ஓகஸ்ட் 4இல் பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறியது.