ஒரே தொண்டையில் அப்பனும் பிள்ளையும்

பள்ளி ஆசிரியர்களுக்குக் கைப்பாவை செய்யவும் ஆட்டவும் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பயிற்சிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், "பொம்மையெல்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்தானே மேடம்?" என்று கேட்பார். உடனே நான் யோசெஃப் ஸ்கூபாவின் கதையை எடுத்துவிடுவேன். செக் நாட்டின் பில்சன் நகரத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவர் அவர்.

அந்த நாட்டில் பொம்மைக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆஸ்திரியப் பேரரசு ஆண்ட காலத்தில் அலுவலகத்திலும் உயர்படிப்பிலும் ஜெர்மன் மொழி கோலோச்சியது. அப்போது மரப் பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனவர்கள் செக் மொழியிலேயே கூத்து நடத்தினார்கள். மத்தெய் கொபெட்ஸ்கி (1775-1847) என்பவரின் பெயர் இன்றும் அங்கே பெரிய பெயர். பொம்மையின் தலையில் செருகிய தடித்த கம்பியைப் பிடித்து ஆட்டுவார்கள். ராஜாவுக்கும் பிசாசுக்கும் விவசாயிக்கும் குரல் கொடுப்பவர் ஒருவரே. கூட்டத்தில் கஷ்பாரெக் என்று ஒரு கோமாளி உண்டு. ராஜாவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவான். பிறகு இந்தக் கூத்து வீட்டுக்குள்ளும் வந்தது. ஓவியர் மிக்கொலாஷ் அலெஷ் பெயரில் 1912 முதல் சின்னப் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. பெற்றோரும் பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டினார்கள். சிறுவயதில் கஷ்பாரெக்கைக் கையில் பிடித்தவர்கள், வளர்ந்த பிறகு அவனை மேடையில் பார்த்தால் அந்நியனாகவா நினைப்பார்கள்?

ஸ்கூபா 1892இல் பிறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில், ஏழைப் பிள்ளைகளின் விடுமுறை முகாம்களுக்குப் பணம் திரட்டிய பில்சன் பொம்மை அரங்கத்தில் சேர்ந்தார். பகலில் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன கஷ்பாரெக், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளில் அரசியல் பேசினான். 1918இல் பேரரசு விழுந்தபோது ஆஸ்திரியாவை அடக்கம் செய்ததும் அவன்தான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்தது. தனக்கென்று ஒரு பொம்மை வேண்டும் என்று ஸ்கூபா ஒன்றை வரைந்தார். காரெல் நோசெக் அதை மரத்தில் செதுக்கினார். 1920இல் மேடையேறிய அதன் பெயர் ஸ்பெய்பில். வழுக்கைத் தலை, விடைத்த காதுகள், விருந்துக்குப் போகிறவர் போல் வால் கோட்டு, காலில் மட்டும் மரக்கட்டைச் செருப்பு. எல்லாம் தெரிந்தவராகப் பேசுவார், ஒன்றும் தெரியாது. 1926இல் குஸ்தாவ் நோசெக் இன்னொரு பொம்மையைச் செதுக்கிக் கொடுத்தார். அதே முகம், அதே கட்டைச் செருப்பு, உருவம் சிறிது, கண்கள் மட்டும் உருளும். அவன்தான் ஹுர்வீனெக், ஸ்பெய்பிலின் மகன்.

இருவருக்கும் குரல் ஸ்கூபாவுடையது. அப்பாவுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல், மகனுக்கு உச்சியில் கீச்சிடும் குரல். செய்து பார்த்தால்தான் இதன் சிரமம் தெரியும். இரண்டு பேர் நடிக்கும்போது எதிராளி பேசுகிற நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. அப்பா முடிக்கிற மூச்சிலேயே மகன் "ஏன்?" என்று கேட்டாக வேண்டும். கேள்வி கேட்ட மறுகணம் தொண்டையை இறக்கி, "சும்மா இருடா" என்று மழுப்பவும் வேண்டும். பயிற்சியில் நான் இதைக் கால் மணி நேரம் செய்தாலே குரல் கம்மிவிடும். அவர் முழு நாடகங்களை இப்படிப் பேசினார், கிராமபோன் தட்டுகளிலும் பேசினார்.

ஹுர்வீனெக்தான் ஸ்கூபாவின் துணிச்சல், வாத்தியாரால் பேச முடியாததைப் பையன் பேசினான் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மை. வெளியே யார் காதில் விழுகிறதோ என்று திரும்பிப் பார்க்கிற ஸ்பெய்பிலும் ஸ்கூபாதானே! அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்குள்ளும் அந்த அப்பா இருந்தார். சம்பளம், குடும்பம், பக்கத்து வீட்டுக்காரன் என்று நூறு பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை மறைக்காமல் மேடையேற்றி, அதன் பக்கத்திலேயே ஒரு கேள்வியையும் நிற்க வைத்தார் ஸ்கூபா. நான் பயிற்சி கொடுத்த ஒரு பள்ளியில், கூட்டத்தில் வாயே திறக்காத டீச்சர் ஒருவர் கையில் துணிக் கிளியை மாட்டிவிட்டேன். கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கிளி எல்லார் முன்னாலும் கேட்டது. கிளி பேசும்போது டீச்சரின் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நடுக்கமும் சேர்ந்ததுதான் அந்தத் துணிச்சல்.

1939இல் நாஜிப் படை செக் நாட்டைப் பிடித்தது. ஸ்கூபாவின் குழு ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கதையில் ஒன்று, அர்த்தத்தில் இன்னொன்று. ஆட்டுகிறவர் யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. தான் சொல்லத் துடித்ததை ஒரு மரப்பிள்ளை சொல்லக் கேட்டு அரங்கமே சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அதிகாரத்தால் தாங்க முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். 1944 ஜனவரியில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ ஸ்கூபாவைக் கைது செய்தது. அரங்கம் மூடப்பட்டது. பொம்மைகளையும் எடுத்துப் பூட்டி வைத்தார்கள், மரக்கட்டைக்கும் காவல்! ஸ்கூபா ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. எரிந்த சிறையிலிருந்து தப்பி, ஸ்கூபா ஊர் வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு பிராகில் புதிதாக அரங்கம் திறந்தார். 1957 ஜனவரியில், 65 வயது நிறைவதற்குச் சில நாள் முன்னால் இறந்தார். அதற்கு முன்பே வாரிசைத் தேர்ந்தெடுத்துவிட்டார். குரலுக்கு ஒருவராக இரண்டு பேரை அமர்த்தியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். அவர் மிலோஷ் கிர்ஷ்னர் ஒருவரிடமே இரண்டையும் ஒப்படைத்தார். கிர்ஷ்னர் செக் மொழியோடு நிற்காமல் போன நாடுகளின் மொழிகளிலெல்லாம் அப்பாவாகவும் பிள்ளையாகவும் பேசினார். அவருக்குப் பிறகு வந்த மார்ட்டின் கிளாசெக்கும் இரண்டு குரலையும் தானே பேசினார்.