விசுவாசத்திற்காகக் கடல் கடந்த உழவர்கள்

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கண்டத்தில் குடியேறியவர்கள் என்றதும் வறுமையும் பஞ்சமும்தான் முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தங்கள் விசுவாசத்தை விட்டுவிட மனமில்லாமல் நிலத்தை விட்டுப் புறப்பட்ட உழவர்களும் இருந்தார்கள். 1772-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து இன்றைய கனடாவுக்குச் சென்ற அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி இங்கே காண்போம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள சவுத் யூயிஸ்ட் தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கேலிக் மொழி பேசிய ஏழைக் குத்தகைதாரர்கள். அங்கே போய்ஸ்டேல் பகுதியின் நிலக்கிழாராக இருந்த காலின் மெக்டொனால்ட், தன் குடிகள் அனைவரும் பிரஸ்பிட்டேரியன் சபையில் சேரவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் ஏற்படுத்திய பள்ளியில் தவக்காலத்தில் பிள்ளைகளின் வாயில் இறைச்சி திணிக்கப்பட்டது என்று அக்கால ஆயர்களின் கடிதங்கள் கூறுகின்றன. 1770-இல் அவர் மக்களை வரவழைத்து, மறையைக் கைவிடுங்கள் அல்லது நிலத்தைக் கைவிடுங்கள் என்றார். மக்கள் நிலத்தைக் கைவிடத் துணிந்தார்கள்.

ஆனால் கப்பலுக்குப் பணம் வேண்டுமே! ஆயர்கள் ஜார்ஜ் ஹே, ஜான் மெக்டொனால்ட் ஆகியோர் நன்கொடை திரட்டினார்கள். கிளெனலடேல் ஊரின் தலைவரான ஜான் மெக்டொனால்ட் என்ற கத்தோலிக்கர் (ஆயரின் பெயரும் இவர் பெயரும் ஒன்றே) தம் சொத்தை அடகு வைத்து, அன்று புனித யோவான் தீவு எனப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 20,000 ஏக்கர் நிலம் வாங்கினார். 1772-இல் 'அலெக்சாண்டர்' என்ற கப்பலில் சுமார் 210 பேர் புறப்பட்டார்கள். அவர்களுடன் குருவானவர் ஜேம்ஸ் மெக்டொனால்டும் சென்றார். குடிகள் கூட்டமாகப் போகத் தொடங்கியதைக் கண்ட போய்ஸ்டேல் நிலக்கிழார் தன் கெடுபிடியைத் தளர்த்தினார். உழைக்க ஆளில்லாத நிலத்தால் அவருக்கு என்ன பயன்?

ட்ரக்காடி விரிகுடாவின் அருகே இவர்கள் குடியேறினார்கள். மரமே அரிதான தீவிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் அடர்ந்த காடு நின்றது. மரங்களை வெட்டி எரித்து, அடிக்கட்டைகளுக்கு நடுவே சாம்பல் கலந்த மண்ணில் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விளைவித்தார்கள். 1785-இல் குருவானவர் இறந்தபின், 1790-இல் ஆங்கஸ் மெக்கெக்கரன் வரும்வரை கேலிக் பேசும் குரு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த மெக்கெக்கரனின் குடும்பமும் 1772-லேயே குடிபெயர்ந்திருந்தது. குருத்துவப் படிப்புக்காக அவர் மட்டும் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தார். 1829-இல் சார்லட்டவுன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானவர் இவரே.

இதுவரை சொன்னது பெருமையாக நினைவுகூரப்படும் பகுதி. மற்றொரு பகுதியையும் நாம் சொல்லியாக வேண்டும். இத்தீவு 1767-லேயே 67 பெரும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, இலண்டனில் சீட்டுக் குலுக்கிச் செல்வாக்குள்ளவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. எனவே காட்டைத் திருத்திய உழவர் அங்கேயும் குத்தகைதாரராகவே இருந்தார். கிளெனலடேல் தலைவரும் விசுவாசத்தில் சகோதரர், நிலத்திலோ எசமானர். சொந்த நிலம் வேண்டும் என்று எண்ணிய பலர் அவருடைய நிலத்தை விட்டு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவருடைய மகன் ஒருவர் குருவானவராகவும் நிலவுடைமையாளராகவும் இருந்தார். 1840-களில் குத்தகைப் போராட்டம் மூண்டபோது அவருக்கும் பங்கு மக்களுக்கும் கடும் மோதல் ஏற்பட்டு, முடிவில் அவர் தீவை விட்டே வெளியேறினார். ஒரே பீடத்தில் திருப்பலி கண்டவர்களிடையே வாடகைப் பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1864-இல் குத்தகைதாரர் சங்கம் தோன்றியது. வாடகை கொடுக்க மறுத்தவர்களை அடக்க அடுத்த ஆண்டு படை வரவழைக்கப்பட்டது. 1873-இல் தீவு கனடாவுடன் இணைந்தபோது நிலங்களை வாங்க 8,00,000 டாலர் உறுதியளிக்கப்பட்டது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் பெருநிலக்கிழார்களைக் கட்டாயமாக விற்கவைத்தது. 'அலெக்சாண்டர்' கரைசேர்ந்து அதற்குள் 103 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவர்கள் வருமுன்பே அந்த மண் மிக்மாக் பழங்குடியினருடையது. பிரெஞ்சு மொழி பேசிய அக்காடியக் கத்தோலிக்க உழவர்களும் அங்கே வாழ்ந்தார்கள்; 1758-இல் ஆங்கிலேயர் அவர்களில் பெரும்பாலோரை நாடுகடத்தினர். நிலம் பறிபோய் வந்தவர்கள், நிலம் பறிபோனவர்களின் இடத்திலேயே குடியேற நேர்ந்தது. ஸ்காட்லாந்து மக்களின் நினைவாகவே பெயர்பெற்ற ஸ்காட்ச்ஃபோர்ட்டில் இன்று மிக்மாக் மக்களின் குடியிருப்பு ஒன்று உள்ளது.