மறக்காமல் போட்ட வாக்கு

2008 செப்டெம்பரில், அப்போதைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா கனடாவின் 'நஷனல் போஸ்ட்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். இந்த நாடு சிங்களவர்களுக்குரியது, சிறுபான்மையினர் இங்கு வாழலாம், ஆனால் அளவுக்கு மிஞ்சிக் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம்.

பதினாறு மாதங்களில் அவரே ஐக்கிய தேசியக் கட்சியும் ஜே.வி.பி.யும் ஆதரித்த பொது வேட்பாளர். மகிந்த ராஜபக்சவை வீழ்த்துவதற்காகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவர் பக்கம் நின்றது. அதன் நாடாளுமன்ற உறுப்பினர் சிவாஜிலிங்கம் அதை ஏற்காமல் தானே வேட்பாளரானார்.

2010 ஜனவரி 26இல் வடக்கு கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களிலும் பொன்சேகாவே முந்தினார். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழக் கால்வாசிப் பேர்தான். அவர்களில் என் மாமியும் ஒருவர். முகாமிலிருந்து வந்து சில மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தாள் சொன்னதை மறக்கவில்லை, மற்றவரை இருக்க விடவும் ஏலாது என்றுதான் வாக்குப் போட்டதாகச் சொன்னா. அதை ஆதரவு என்று எழுத எனக்கு இன்றும் கை வருவதில்லை.

தெற்கிலோ அந்தப் பேட்டி அவருக்குச் சுமையாகவில்லை. ராஜபக்ச தரப்பு அங்கே பிடித்துக்கொண்டது வேறொன்றை: கூட்டமைப்போடு அவர் இரகசிய உடன்படிக்கை செய்துவிட்டார் என்ற குற்றச்சாட்டை.